காப்பிக்கொட்டை வறுத்த கணக்கு

வங்கியில் வருஷக் கணக்கு முடிக்கிற மார்ச் மாத ஆணிகள் எல்லாம் ஒருவழியாக ஓய்ந்து, அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது. கிடைத்த நேரத்தில் நான் செய்த காரியத்தில் பிம்ப்ரியில் எங்கள் மாடி முழுக்கப் புகை. எதிர்வீட்டு மராத்திக்கார அம்மாள் பதறிப்போய்க் கதவைத் தட்டினார். "காய் ஜளதய்?" (என்ன எரியுது?) என்றார். "ஒண்ணுமில்லை, காப்பி" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. காப்பியைக் குடிப்பார்கள் என்று தெரியும், கொளுத்துவார்கள் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது :-)

விஷயம் இதுதான். போசரி தொழிற்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரரைப் பிடித்து, வீட்டிலேயே காப்பிக்கொட்டை வறுக்க ஒரு உருளை செய்து வாங்கியிருக்கிறேன். ஆறு அங்குல விட்டம், பத்து அங்குல நீளம், எவர்சில்வர் தகடு. நடுவில் ஒரு கம்பி, ஒரு முனையில் கைப்பிடி, பக்கவாட்டில் கொட்டை போட ஒரு சின்னக் கதவு. உள்ளே இரண்டு தகட்டுப் பட்டை, கொட்டையைக் கிளறிப் புரட்டிப் போட. கேஸ் அடுப்பின் மேல் இரண்டு தாங்கியில் உட்கார வைத்துச் சுற்ற வேண்டியதுதான். பட்டறைக்காரர் கடைசி வரைக்கும் இது கோழி வாட்டுவதற்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கிறுக்கு எனக்கு வரக் காரணம் மாயவரத்தில் எங்கள் வீட்டில் இருந்த பழைய உருளை. கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன். இரும்பு உருளை, கரிபிடித்து முழுக்கக் கறுப்பு. சனிக்கிழமை மத்தியானம் பின்கட்டில் குமுட்டி அடுப்பில் கரி போட்டு அதைச் சுற்றுவார்கள். பள்ளிக்கூடம் அரை நாள் விட்டுத் தெருமுனை திரும்பும்போதே வாசனை வரும். எங்கே போனாலும் என் மூக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிற வாசனை அது. அதை மறுபடி பிடித்துவிடலாம் என்றுதான் இவ்வளவும். ஆனால் வறுக்கத் தொடங்கியதும் வாசனையோடு வேறு சில கேள்விகளும் வந்தன. இந்த உருளை நம் வீட்டுக்குள் எப்படி வந்தது? ஏன் போனது? தேடிப் படித்ததையும், வீட்டில் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் காப்பியே நமக்குப் புதிது. பாபா புதன் என்ற சூஃபி ஞானி 17ஆம் நூற்றாண்டில் ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் பக்கத்து மலையில் நட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. மலைக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் பெரிய தோட்டங்கள் வந்தது வெள்ளைக்காரன் காலத்தில். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காப்பி பயிரிட்டார். அதே நூற்றாண்டில் மைசூர், குடகு, நீலகிரி என்று பரவியது. விளைந்ததில் பெரும்பகுதி கப்பலேறியது. மலையடிவாரத்து ஆட்கள் அதைக் குடிக்கவில்லை, சுமந்தார்கள்.

இலங்கைக் கதை இன்னும் கசப்பு. 1830களிலிருந்து கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் பெருகின. திருச்சி, மதுரை, திருநெல்வேலி, புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள் கடலைத் தாண்டி, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே போனார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். 1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருஷத்துக்குள் இலங்கையில் காப்பி அழிந்து, அந்த மலைகளில் தேயிலை வந்தது. நாம் "பரம்பரைக் காப்பி" என்று பெருமை பேசும்போது, அந்தப் பரம்பரையில் இவர்கள்தான் மூத்தவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

தமிழ் வீடுகளுக்குள் காப்பி பரவியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20இன் தொடக்கத்திலும்தான். அதுவரை விடிந்தால் நீராகாரம், பழையது, கஞ்சி. ஆ. இரா. வேங்கடாசலபதி இதைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே பெயர் (2000). காப்பி எப்படி நடுத்தர வர்க்கத்து அந்தஸ்தாக ஆனது, டீ எப்படி உழைக்கிற ஜனங்களுடையதாக ஆனது என்று அதில் விவரமாக இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு. அம்மாவின் பிறந்த வீட்டில் காப்பி கிடையாதாம். காலையில் நீராகாரம், விருந்தாளி வந்தால் டீ. கல்யாணமாகி மாயவரம் வந்த பிறகுதான் காப்பியைக் கற்றுக்கொண்டாராம்.

சரி, காப்பி வந்தது. உருளை ஏன் வந்தது?

இது நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் பச்சைக் கொட்டை வாங்கி வீட்டில் வறுப்பதுதான் வழக்கம். 1864இல் நியூயார்க்கில் ஜேபஸ் பர்ன்ஸ் என்பவர், வறுத்த கொட்டை தானாகவே வெளியே வந்து விழுகிற மாதிரி ஒரு பெரிய உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். அதே சமயத்தில் ஆர்பக்கிள் சகோதரர்கள் வறுத்த கொட்டையைப் பொட்டலத்தில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். வாசனை போகாமலிருக்க முட்டையும் சர்க்கரையும் பூசி விற்றார்களாம்! அங்கே வீட்டு உருளை மெல்ல மறைந்தது. நம் ஊரில் அது இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் தாக்குப் பிடித்தது.

காரணம் இரண்டு. ஒன்று இருப்பு. எங்கள் பாஷையில் சொன்னால், பச்சைக் கொட்டை நிரந்தர வைப்பு மாதிரி. ஈரம் படாமல் சாக்கில் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. வறுத்த கொட்டைக்குச் சில வாரம்தான் ஆயுசு. அரைத்த தூளுக்கோ சில நாள். காற்றுப் புகாத நவீன பொட்டலம் இல்லாத காலத்தில் நல்ல காப்பி வேண்டுமென்றால், தேவைக்கு வறுத்து அன்றன்றைக்கு அரைப்பதைத் தவிர வழியில்லை. அதனால்தான் உருளைக்கு ஜோடியாக ஒரு கை மிஷினும் இருந்தது. சில வீடுகளில் லண்டன் ஸ்பாங் கம்பெனி மிஷின் இருக்கும், மேஜை ஓரத்தில் திருகி மாட்டியிருப்பார்கள்.

இரண்டாவது காரணம் சந்தேகம். தூளாகிவிட்டால் எதில் எது கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. புளியங்கொட்டையை வறுத்துப் பொடித்துக் கலப்பது பழைய வித்தை. கொட்டையாக வாங்கினால் ஏமாற்ற முடியாது. கடைத்தூள் வாங்கும் வீடென்றால் ஒரு மாற்றுக் குறைவு என்ற நினைப்பும் இதிலிருந்துதான்.

சிக்கரி கதை வேறு. அது திருட்டுத்தனமில்லை, ஒரு கிழங்கு வேர். 1806இல் நெப்போலியன் ஆங்கிலேயக் கப்பல் வணிகத்தை ஐரோப்பாவுக்குள் விடாமல் தடுத்தபோது, காப்பி கிடைக்காமல் பிரெஞ்சுக்காரர்கள் பெருமளவில் சிக்கரிக்குத் தாவினார்கள். பிறகு நம்மிடமும் வந்தது. டிக்காஷனுக்கு நிறமும் கெட்டியும் தரும், விலையும் குறைவு. இப்போதைய விதிப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டும் எவ்வளவு என்று பாக்கெட்டில் போட வேண்டும். அடுத்த தடவை கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சில சமயம் நீங்கள் காப்பி விலை கொடுத்துப் பாதிக்குப் பாதி வேர் வாங்குகிறீர்கள்.

இனி அரசாங்கம் உள்ளே வருகிறது. 1930களில் உலக மந்தம், காப்பி விலை விழுந்தது. 1935இல் காப்பிக்கு ஒரு தீர்வைச் சட்டம் வந்தது. அந்தப் பணத்தில், உள்ளூர் ஜனங்களைக் காப்பி குடிக்க வைக்கும் பிரசாரம். இந்தியா காபி ஹவுஸ் முதலில் திறந்தது சென்னையிலோ பெங்களூரிலோ அல்ல. 1936இல் நம்ம பம்பாய் சர்ச்கேட்டில்! (பிம்ப்ரியில் இருந்துகொண்டு இதை எழுத ஒரு சின்ன சந்தோஷம்.) பிறகு உலகப்போர். ஐரோப்பியச் சந்தை அடைபட்டுப் போனது. 1942 சட்டத்தின்படி காப்பி போர்டு அமைந்தது. விளைவித்தவர் தன் வீட்டுக்கும் விதைக்கும் வேண்டியது போக மற்றதை எல்லாம் போர்டின் பொதுக் குவியலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். போர்டு ஏலம் விடும். பணம் தவணை தவணையாகத்தான் விவசாயிக்கு வரும், முழுக் கணக்கும் தீர வருஷங்கள் ஆகும். கடன் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்தச் சின்னத் தோட்டக்காரர்களின் வங்கிக் கணக்கை நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது.

1957இல் போர்டு காபி ஹவுஸ்களை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. ஏ. கே. கோபாலன் முன்நின்று, தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவற்றை எடுத்து நடத்தினார்கள். தலைப்பாகை கட்டிய பரிமாறுநர்கள் நமக்குப் பழக்கமானது அப்படித்தான். பொதுக் குவியல் முறை 1992இலிருந்து படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் விவசாயி தன் காப்பியை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்றானது. நான் இன்று சிக்மகளூர்க்காரர் ஒருவரிடம் நேரடியாகப் பச்சைக் கொட்டை வரவழைக்க முடிவது இதனால்தான். என் பள்ளிக்கூட நாட்களில் இது நடக்காத காரியம்.

பிம்ப்ரிக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உதவ, 1954இல் இங்கே இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கியது, பென்சிலின் தயாரிக்க. 1960களில் டெல்கோ, ஆகுர்டியில் பஜாஜ், தொழிற்பேட்டை என்று வரிசையாக வந்தன. வேலை தேடித் தமிழ்க் குடும்பங்களும் வந்தன. எங்கள் குடியிருப்பில் அந்தக் காலத்தில் வந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஊருக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பும்போது புளி, அப்பளத்தோடு பச்சைக் காப்பிக்கொட்டையும் மூட்டையில் இருக்குமாம். "தூள் வாங்கிட்டு வந்தா பதினஞ்சு நாள்ல வாசனை போயிடும் சார். கொட்டைன்னா அடுத்த லீவு வரைக்கும் தாங்கும்" என்றார். டீ குடிக்கிற ஊரில் அவர் வீட்டு அம்மா இரும்புச் சட்டியில் வறுத்து, அம்மியில் பொடித்துச் சமாளித்தாராம். உருளை ஊரிலேயே நின்றுவிட்டது. பெட்டியில் கொள்ளாது அல்லவா.

ஊரிலும் உருளை சும்மா இருக்கவில்லை, மெல்லப் பரணேறியது. சேலத்தில் நரசுஸ் 1926லேயே தொடங்கிவிட்டது. அந்த மாதிரி வறுத்து அரைக்கும் கடைகள் ஊர் ஊராக வந்தன. கண்ணெதிரே கொட்டையை மின்சார மிஷினில் போட்டு, சூடு ஆறாமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். சந்தேகத்துக்கு அதுவே மருந்தாயிற்று. கேஸ் வந்தது, குமுட்டி அடுப்பும் கரிச்சாக்கும் போயின. கூட்டுக்குடும்பம் போய்ச் சின்னக் குடும்பம் வந்தது. எங்கள் வீட்டில் உருளை நின்றது 1988இல்.

இவ்வளவும் படித்துக் குறிப்பெடுத்து, பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். அம்மா இப்போது எங்களோடுதான். அப்பா போன பிறகு அழைத்து வந்துவிட்டோம். பாஷை தெரியாத ஊர், அதிகம் பேசுவதில்லை. உருளையைப் பார்த்தால் பழைய ஞாபகத்தில் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இந்தச் சனியனை இங்கயும் கொண்டாந்துட்டியா?"

தங்கமணி சிரித்துவிட்டாள். "என்ன அத்தை இப்படிச் சொல்றீங்க? வாசனை வாசனைன்னு உயிரை விடறாரே உங்க பிள்ளை" என்றாள்.

"அவனுக்கென்னம்மா, வாசனை வந்துச்சு. எனக்கு வேர்வைதான் வந்துச்சு."

பிறகு அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார். 1976இல் கல்யாணமாகி வந்த மறு வாரமே உருளை அவர் கைக்கு வந்ததாம். வாரத்துக்கு ஒரு கிலோ, இரண்டு ஈடு. கரி அனலில் ஒரு ஈட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம். நிறுத்தாமல் சுற்ற வேண்டும், நிறுத்தினால் ஒரு பக்கம் தீய்ந்துவிடும். அப்பாயி திண்ணையில் உட்கார்ந்தபடியே வாசனை பிடித்து, "தீயுதுடி" என்று குரல் கொடுப்பாராம். நான் வயிற்றில் இருந்தபோது, புகை குமட்டக் குமட்டச் சுற்றினாராம். தோள்வலி அப்போது ஆரம்பித்ததுதான் என்றார். அப்பா கடைத்தூள் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்த நாளன்று மனசுக்குள் சாமிக்குத் தேங்காய் உடைத்தாராம்.

வங்கிக்காரன் புத்தி, ராத்திரி கணக்குப் போட்டேன். 1976இலிருந்து 1988 வரை பன்னிரண்டு வருஷம். வருஷத்துக்கு 52 சனிக்கிழமை, வாரத்துக்கு 50 நிமிஷம். மொத்தம் 31,200 நிமிஷம். அதாவது 520 மணி நேரம். எங்கள் வங்கியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் 65 வேலை நாள். அப்பாவின் வரவு செலவு நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. கொட்டை வாங்கியது இருக்கிறது, கரி வாங்கியது இருக்கிறது, மிஷினுக்குச் சாணை பிடித்த கூலிகூட இருக்கிறது. இந்த 520 மணி நேரம் எங்கேயும் இல்லை. நான் படித்த சரித்திரங்களிலும் தோட்டக்காரர் இருக்கிறார், கலெக்டர் இருக்கிறார், போர்டு இருக்கிறது, கடைக்காரர் இருக்கிறார். உருளையைச் சுற்றிய கை எதிலும் பெரிதாகக் கண்ணில் படவில்லை. பி.காம். படித்த எனக்கே நாற்பது வயசுக்கு மேல், ஒரு உருளையை வாங்கிப் புகையைக் கிளப்பிய பிறகுதான் அது உறைத்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முதல் ஈடு முழுக்கக் கரி. அதுதான் எதிர்வீட்டு அம்மாள் வந்த கதை. புத்தகத்தில் படித்தபடி நான் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சுமார் 200 டிகிரி வரும்போது கொட்டை பொரிகிற மாதிரிப் படபடவென்று ஒரு வெடிப்பு, 225 வாக்கில் மெல்லிசாக இரண்டாவது வெடிப்பு. இரண்டுக்கும் நடுவே இறக்க வேண்டும். கடாமுடாவென்று சுற்றுகிற உருளைக்குள் எது வெடிப்பு, எது உருளல் என்று எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டாவது ஈட்டுக்கு அம்மா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்கு இப்போது வலது காது சரியாகக் கேட்காது, வெடிச் சத்தம் எட்டவே எட்டாது. மூக்கை வைத்தே சொல்லிக்கொண்டு வந்தார். "இப்ப நெல்லு அவிக்கிற வாசனை வருதா? அது ஈரம் போறது. தீயைக் குறைக்காதே." கொஞ்சம் பொறுத்து, "இப்ப பொட்டுக்கடலை வறுக்கிற மாதிரி வரும். இப்பத்தான் கவனமாச் சுத்தணும்." அப்புறம் புகை லேசாக நீலம் கட்டியது. "கண்ணு கரிக்குது பாரு, இறக்கு. உள்சூட்டுல மிச்சம் வெந்துக்கும்." நான் இறக்கிய அந்த நொடி, முறத்தில் கொட்டும்போது பார்த்தால், ஒரே சீரான சந்தன மரப்பட்டை நிறம். எந்த வெப்பமானியும் இல்லை. அம்மாவே முறத்தை வாங்கிப் புடைத்தார், உமி மாதிரி மெல்லிய தோல் பறந்து சமையலறை முழுக்கப் படிந்தது. (கூட்டியது நான்தான், பதிவு செய்துகொள்ளவும்.)

செய்து பார்க்கிறவர்களுக்குச் சில குறிப்பு. உருளையில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், கொட்டை உப்பும். நாகம் பூசிய தகரமும் பழைய பெயின்ட் டப்பாவும் வேண்டவே வேண்டாம், எவர்சில்வர் அல்லது வெறும் இரும்பு. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வறுத்ததும் விசிறி ஆற வையுங்கள், உடனே அரைக்காமல் ஒரு ராத்திரி விடுங்கள், உள்ளே இருக்கிற வாயு போகட்டும். எடை குறைந்தால் பயப்படாதீர்கள். நான் போட்டது 500 கிராம், கிடைத்தது 418. பச்சைக் கொட்டையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் தண்ணீர், மீதி தோலும் வாயுவும். தேய்மானம் 16.4 சதவீதம், தணிக்கையில் நிற்கும்.

மறுநாள் காலை அரைத்து ஃபில்டரில் போட்டேன். கள்ளிச்சொட்டு மாதிரி டிக்காஷன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவாயில்ல" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய விருது. "தினம் இந்தப் பாடு வேணாம், கடையிலயே வாங்கு. மாசத்துக்கு ஒருக்கா வேணும்னா வறு. நீ சுத்து, நான் சொல்றேன்" என்றும் சொன்னார்.

அதுதான் இப்போது ஏற்பாடு. கைப்பிடி என்னிடம். அம்மா சொல்லச் சொல்ல என் பெண் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறாள், நெல் அவிக்கிற வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டு. பிம்ப்ரியில் பிறந்த பெண்ணுக்கு அதை விளக்கத்தான் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மே மாத லீவுக்கு ஊருக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் உருளை சுற்றிய கை ஒன்று இருந்தால், இந்த வாரம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வாசனையைப் பற்றிக் கேட்காதீர்கள், தோளைப் பற்றிக் கேளுங்கள்.